நிலத்துக்குப் பட்டம் கேட்ட மனு

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே இலவசமாக ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். நிரலை இணையத்தில் திறந்து வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். உலகம் அவ்வளவாக அவசரப்படவில்லை. எனக்குத் தெரிந்து அதைத் தினமும் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர்: தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, மனு அடித்துக் கொடுத்த பாய்.

பாய் கேட்டது ஒன்றுதான். "தம்பி, பிரிண்ட் போட்டா கடைசி வரி காணாம பூடுது. அத்த மட்டும் சரி பண்ணிக் குடு."

கடைசி வரியில்தான் மனுதாரர் பெயர் இருக்கும். அதைப் பேனாவால் எழுதிக்கொண்டே மூன்று மாதம் கேட்டார். ஒரு மேதை கை வைக்கிற வேலையா அது? நான் புது வசதிகளில் மும்முரமாக இருந்தேன். வெளிநாட்டுத் தமிழர் ஒருவர், முகம் பார்த்ததில்லை, வாரம் ஒரு வசதியாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். எழுத்துக்கு ஏழு நிறம். திரை மூலையில் கடிகாரம். பிறகு பிழைதிருத்தி: தனக்குத் தெரியாத சொல் வந்தால், யாரையும் கேட்காமல் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். அரைநாள் சோதித்தேன். என் பெயரைச் சரியாக அடித்தது. வேறென்ன வேண்டும்? புதிய பதிப்பை வெளியிட்டு, பாய் கடையிலும் நானே போய் ஏற்றினேன்.

நான்காம் நாள் பாய் போன் செய்து வரச் சொன்னார். கடையில் மாகறல் விவசாயி ஒருவர் மனுவோடு நின்றிருந்தார். பட்டா கேட்டு எழுதியது. பிழைதிருத்திக்குப் பட்டா தெரியாது, பட்டம்தான் தெரியும். 'என் நிலத்துக்குப் பட்டம் வழங்குமாறு' தாசில்தாரை வேண்டியிருந்தார்.

"ஆபீஸ்ல எந்த காலேஜுன்னு கேட்டுச் சிரிக்கிறாங்கோ. நான் எட்டாவதே தாண்டல நைனா," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"இன்னா தம்பி இது? நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு அடிக்குது," என்றார் பாய்.

"புது வசதி பாய்."

"கடைசி வரி?"

நான் பழைய பதிப்பை ஏற்றினேன். பாய் புதிதாக அடித்துக் கொடுக்க, விவசாயி அன்றே மனுவைச் சேர்த்தார். பட்டா பிற்பாடு வந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து பிழைதிருத்தியை நீக்கிவிட்டு, கடைசி வரியைச் சரிசெய்தேன். நாற்பது நிமிடம் ஆனது. வெளிநாட்டு நண்பர் என்னை முன்னேற்றத்தின் எதிரி என்று எழுதிவிட்டு, நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அவருடைய பதிப்பில் பதினொரு நிறம்.

அதன்பின் எந்தப் பதிப்பையும் பாய் ஒரு வாரம் மனு அடித்துப் பார்க்காமல் நான் வெளியிட்டதில்லை. ஒருமுறை தாமதமாகி, இணையக் குழுவில் நாலைந்து பேர் தேதி கேட்டார்கள். 'தீவிரத் தரப் பரிசோதனை நடைபெறுகிறது' என்று எழுதினேன். பாய் அந்த வாரம் மகள் வீட்டுக்கு வேலூர் போயிருந்தார்.