அம்மா பேர் வெட்டப் போன நீலத் தட்டு

செங்கல்பட்டுல ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வூட்டுல எங்கம்மா சமையல் வேலை பார்த்தாங்க. அந்தம்மா சீமைக்குக் கப்பலேறும்போது பெரிய பீங்கான் தட்டு ஒண்ணைக் குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளைத் தட்டு முழுக்க நீல அச்சு: ஒரு பாலம், ரெண்டு மாடு, சுத்தி பூக்கொடி. எவ்ளோ தேய்ச்சாலும் நீலம் போவாது. கொடி ஒரு எடத்துல மட்டும் சேராம நிக்கும். "படத்தைக் காகிதத்துல அச்சடிச்சு ஒட்டுன எடம், முனை சேரல"ன்னு வர்றவங்க கிட்டல்லாம் அம்மா பெருமையா காட்டுவாங்க.

அப்பா மட்டும் அதைத் தொட மாட்டாரு. "வெள்ளக்காரன் எச்சித் தட்டு, எடுத்துக்கினு போ"ம்பாரு. வருஷா வருஷம் அம்மா அதுல சக்கரைப் பொங்கல் போட்டு அவர் முன்னால வெப்பாங்க. அவர் தள்ளுவாரு. அம்மாவே தின்னுட்டுக் கழுவி வெப்பாங்க. அம்மா சாவுற வரைக்கும் அப்படித்தான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அந்தத் தட்டும் என்கூட மாப்பிள்ளை ஊர் வல்லத்துக்கு வரணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்ட ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போன அப்பா, பித்தளை அண்டாவோட தட்டையும் கோணியில கட்டிக்கினு போயிட்டாரு. பீங்கான்ல யாராவது உளி வெப்பாங்களா? கடைக்காரர் மாட்டேன்னாராம், இவரு வுடல. அம்மா பேர்ல மொத எழுத்து வுழுந்துச்சு. ரெண்டாவதுக்குத் தட்டினதும் தட்டு ரெண்டாப் பொளந்துச்சு.

துண்டுல சுத்திக்கினு பஸ்ல வந்து எறங்கினாரு. "அய்யய்யோ! இருந்தப்போ தொடல, செத்தப்புறம் ஒடச்சுட்டியே!"ன்னு கத்தினேன்.

"உன் மாமியார் வூட்டுல அம்மா தட்டை யாரும் மாத்திடக் கூடாதுன்னுதாம்மா பேர் வெட்டப் போனேன்..."ன்னாரு.

"ஒடஞ்சது பொண்ணோட சேர்ந்து எங்க வூட்டுக்குள்ள வரக் கூடாது"ன்னாங்க மாமியாரா வரப்போறவங்க. "அப்போ பொண்ணும் வராது"ன்னேன். ரெண்டு நாள் இழுத்துச்சு. "சரியான பிடாரியத்தான் கட்டிக்கினு போறோம்"னு அவங்களே சிரிச்சுட்டு ஒத்துக்கினாங்க. சீர்வரிசையில வேணாம், பொடவைக்கு அடியில வெச்சு எடுத்துக்கினு வான்னாங்க. அப்படியே எடுத்துக்கினு போனேன்.

மறு பொங்கலுக்கு வரிசை கொண்டாந்தாரு அப்பா. எல்லாருக்கும் எலை போட்டேன். அவருக்கு மட்டும் எழுத்து இருக்குற பாதித் தட்டுல சக்கரைப் பொங்கல் வெச்சேன். வேணும்னேதான்.

"தள்ளினா நானே தின்னுக்குறேன், அம்மா மாதிரி"ன்னேன்.

தட்டைத் திருப்பி எழுத்தைத் தன் பக்கம் வெச்சுக்கினாரு. ஒரு பருக்கை மிச்சம் வெக்காம தின்னுட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா"ன்னாரு. எங்கம்மா இதைப் பார்க்காம போயிட்டாங்களேன்னு கரண்டியோட நின்னு அழுதேன்.