இரண்டு வாசல், ஓர் அடுப்பு

போன கிழமை மகளின் குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். மிட்வைஃப் சத்துமாப் பையை வெட்டியதும் வறுத்த சோள வாசம் வந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு, "இது எல்லாப் புள்ளைக்கும்தானே, மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். குரல் கூடிப்போயிற்றுப் போல. வரிசையே திரும்பிப் பார்த்தது.

அந்த வாசத்துக்கு எனக்கு எங்கள் ஊர் வவுணதீவுதான் ஞாபகம் வரும். எழுபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஐயாவும் ஒரு மிஸ்ஸும் ஜீப்பில் வந்தார்கள். மெலிந்த பிள்ளைகளைத் தேற்றுவது எப்படி என்று ஆராய்ச்சி. எங்கள் வீட்டு வளவில் நின்ற மாமரத்தில் கொக்கி அடித்துத் தராசைத் தொங்கவிட்டார்கள். முதலில் என் தம்பி. பிறகு சின்னம்மாவின் மகள் பூமணி. அவளைவிட எங்கள் சேவல் பாரம் என்று அப்பா பகிடி விடுவார். தம்பிக்கு வறுத்த சோள மா கொடுத்தார்கள். பூமணியை நிறுத்துவிட்டு வெறுங்கையோடு இறக்கிவிட்டார்கள்.

"இவளுக்கு?" என்று கேட்டார் சின்னம்மா.

"ஒரு வீட்டுக்குக் குடுத்து, மற்ற வீட்டுக்குக் குடுக்காமப் பார்க்கணும். அப்பதான் வித்தியாசம் தெரியும்" என்றார் ஐயா.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தாய்வளவிலேயே வீடு கட்டிக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு ஒன்று, சின்னம்மாவுக்கு ஒன்று. சமையல் ஒரே அடுப்பில். வந்தவர்கள் வாசலைத்தான் எண்ணினார்கள், குசினியை எட்டிப் பார்க்கவில்லை.

"அடுப்பு ஒண்டுதானே, நீ சும்மா இரு கா" என்று தன் தங்கச்சி சின்னம்மாவை அடக்கிவிட்டு, அம்மா மாவைக் கூழாகக் காய்ச்சி இரண்டுக்கும் ஊட்டினார். பூமணி எழும்பி நடந்தாள். அந்தச் சேவலையே துரத்தினாள்.

பூமணியை மறுபடி நிறுத்தபோது மிஸ் தராசு முள்ளை இரண்டு தரம் பார்த்தார். "இவ எப்பிடிக் கூடினா?"

அம்மாவுக்குப் பெருமை. "ரெண்டும் ஒரு சட்டியிலதானே மிஸ் குடிக்குதுகள்."

ஐயாவின் முகம் கறுத்தது. "ஆராய்ச்சியையே பழுதாக்கிப்போட்டீங்க."

"புள்ளையத் தேத்தத்தானே ஐயா வந்தீங்க? தேறித்தானே நிக்கிறாள்."

அவர் தாளில் இரண்டு பெயரையும் வெட்டினார். ஆராய்ச்சியிலிருந்து இரண்டு வீட்டையும் நீக்கிவிட்டார்கள். மா நின்றது. பூமணி திரும்ப மெலிந்தாள். மாரி மழையில் வயிற்றோட்டம் வந்தது. அந்த உடம்பு தாங்கவில்லை. தம்பி தப்பினான்.

தேறிய பிள்ளையைப் பழுது என்று சொன்ன அந்தப் படிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

சின்னம்மா கடைசிவரை அந்த மரத்து மாங்காயைத் தொடவில்லை. பிறகு சூறாவளி மரத்தைச் சரித்தது, கொக்கியும் அதோடு போனது. இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில். வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு. இனி யாரும் ஆராய்ச்சிக்கு வந்தால், அவர்களுடைய கணக்குச் சரியாக வரும்.