மந்திரவாதி வீட்டு நோட்டு

போன வாரம் ஒரு நோட்டைத் தீயிலிருந்து காப்பாற்றினேன். தீ இன்னும் பற்றவைக்கப்படவில்லை என்பதால் கையில் காயம் இல்லை.

அல்லிநகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆரோக்கியமேரி டீச்சர். அவருடைய கொள்ளுத்தாத்தா கம்பம் பக்கம் ஒரு கிராமத்து மாதா கோயிலில் சாமியாருக்குக் கீழே ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். அவர் விட்டுப்போன நோட்டு முழுக்க வட்டம், கொக்கி, புள்ளி... ஒரு தமிழ் எழுத்து கிடையாது. ஊர் சும்மா இருக்குமா? மாந்திரீகம் என்றது. மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டுக்கு ‘மந்திரவாதி வீடு’ என்றே பெயர்.

புதன்கிழமை டீச்சரின் தம்பி சவரிமுத்து வந்தார். திராட்சை விவசாயி. “எம்மகளப் பாக்க வந்தவுகளும் இதச் சொல்லித்தான் வேணாம்னு போயிட்டாக. ஞாயித்துக்கெழம கொளுத்திருவேன்.”

பழைய ரகசிய எழுத்துகளைத் தானே உடைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எழுத்தை வைத்துப் பார்க்கும், தமிழ் மாதிரி தெரிந்தால் மார்க் போடும், இல்லாவிட்டால் மாற்றும். லட்சக்கணக்கான தடவை. ஞாயிறு வரை தவணை கேட்டு நோட்டை வாங்கி அதற்குக் கொடுத்தேன். மூன்று நாளும் உளறிக் கொட்டியது. எனக்கே மாந்திரீகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை டீச்சர் வந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

“பக்கத்துக்குப் பக்கம் மேல ஒரு வரி இருக்குமே சார், அது எங்க?”

“எல்லாத்துலயும் ஒரே வரி டீச்சர். பிள்ளையார் சுழி மாதிரி ஏதோன்னு வெட்டிட்டேன்.”

மக்குப் பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “எங்க வீட்ல யாரு சார் பிள்ளையார் சுழி போடுறாக? எங்க ஆளுக ‘சேசு மரி சூசை’ன்னுதான் தொடங்குவாக.”

இயேசு, மரியாள், சூசையப்பர் பெயர்கள். எண்ணிப் பார்த்தேன். ஆறு எழுத்து, முதல் இரண்டும் கடைசி இரண்டும் ‘ச’ வரிசை. நான் வெட்டிப்போட்ட வரியிலும் ஆறு குறி — முதல் இரண்டிலும் கடைசி இரண்டிலும் ஒரே கொக்கி! அந்த வரி இதுதான் என்று சொல்லிக்கொடுத்து மறுபடி ஓடவிட்டேன்.

பத்தே நிமிடம். ஸ்கிரீன் முழுக்கத் தமிழ். துள்ளிக் குதித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் குதித்தேன்.

‘இன்றும் வெள்ளைக்காரச் சுவாமியார் இரண்டு மணி நேரம் பிரசங்கம். நின்றபடியே தூங்கினேன். ஆண்டவர் மன்னிக்க.’

பக்கத்துக்குப் பக்கம் இதே புலம்பல். பின்னே, உபதேசியார் இதைப் பச்சைத் தமிழிலா எழுதிவைப்பார்?

சவரிமுத்து இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. “இதுக்கா நாங்க இம்புட்டு நாளும் தலகுனிஞ்சு நடந்தோம்?”

லட்சம் தடவை முயற்சி செய்ய கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. யாரிடம் கேட்கவேண்டும் என்று மட்டும் தெரியவில்லை... சாஃப்ட்வேர் எழுதிய எனக்கும்தான்.

ஞாயிறன்று கோயிலில் எல்லார் முன்னாலும் பங்குச் சாமியாரே அதை வாசித்தார். வேண்டாம் என்று போன மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே காத்திருந்து, “எப்ப வந்து பேசலாம்?” என்று கேட்டார்களாம்.

சாமியாரின் பிரசங்கமும் அன்று ஏழே நிமிடத்தில் முடிந்துவிட்டதாம்!