எதிர் வீட்டுக்குப் போன கேபிள்

கொள்ளைநோயால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தம்போய் அடுக்குமாடியில் என் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு எட்டு மாதம். அவள் கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். எல்லையை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். பிரசவத்துக்கு அவளைக் காரில் கொண்டுபோய் விட்டதும், குழந்தையோடு திரும்பக் கூட்டி வந்ததும் நான்தான்.

எங்கள் மாடியில் கைப்பேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வீடியோவில் அழைத்தால் படம் உறைந்துவிடும்.

“பிள்ளை கை கால் ஆட்டுறத அவரு இன்னும் பாக்கவே இல்லக்கா” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டில் இணைய இணைப்பு இருந்தது. ஆனால் பழைய மோடம். வைஃபை இல்லை, ஒரே ஒரு கேபிள்தான் செருக முடியும். அது என் கணினிக்குப் போயிருந்தது. வேறு வாங்கலாமென்றால் கடைகள் திறக்கவில்லை. நான் தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள். அவை எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுபவை. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் லினக்ஸ்தான் போட்டிருந்தேன். அந்தக் கணினியையே நடுவில் வாசலாக வைத்து, இணைப்பை அவளுக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

கெட்டுப்போன கணினி ஒன்றிலிருந்து நெட்வொர்க் கார்டைக் கழற்றி, என்னுடையதில் இரண்டாவதாகப் பொருத்தினேன். முதல் கார்டு மோடத்துக்கு, இரண்டாவது எதிர் வீட்டுக்கு. நீளமான கேபிளை நடைபாதையின் மேற்சுவரோடு ஒட்டி, அவள் ஜன்னல் வழியாக மடிக்கணினியில் செருகினேன்.

என் கணினி வரைக்கும் அவள் மடிக்கணினியால் வர முடிந்தது. அதைத் தாண்ட முடியவில்லை. இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் எழுதிவைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது தெரிந்தது: இணைப்பைப் பகிர்வதற்கு மோடத்துப் பக்கக் கார்டுக்குப் போட வேண்டிய விதியை அவள் வீட்டுப் பக்கக் கார்டுக்குப் போட்டிருக்கிறேன்!

“அலமாக்!” என்று தலையில் அடித்துக்கொண்டு திருத்தினேன்.

எதிர் வீட்டிலிருந்து சத்தம் வந்தது. “அக்கா, வந்துருச்சு லா! ஓடி வாங்க!”

நான் போய் நின்றபோது திரையில் அவர், சமையலறை ஏப்ரனோடு. குழந்தை பெரிதாகக் கொட்டாவி விட்டது. அவர் அசையவே இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பயந்து திரையருகே குனிந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ கொட்டாவி விடச் சொல்லு” என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. அதையும் அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் அவர் வேலைக்குக் கிளம்புமுன் அவள் பிள்ளையைக் குளிப்பாட்டுவது அந்தத் திரை முன்னால்தான். தண்ணீர் சூடு அதிகமா என்று அங்கிருந்தே கேட்பார். எல்லை திறந்து அவர் வீடு வந்தபோது பிள்ளை ஓடவே தொடங்கியிருந்தது. புது ஆளைக் கண்டால் என் பின்னால் ஒளியும் பிள்ளை, அவர் பேசியதும் நேராக அவரிடம் போனது.