ஸ்டெல்லா அக்காவின் பெரட்டு

இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அப்பாவிடம். லகாட்டில் எங்கள் வீட்டோடு சேர்ந்த முதியோர் இல்லத்தை நடத்துபவர் அவர்தான். அங்கே வேலை பார்த்த ஸ்டெல்லா அக்காவின் இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பதினைந்து வயது. பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுவேன்.

செய்தி வந்தபோது நான் பள்ளி வேனுக்காகக் காத்திருந்தேன். செமோரிலிருந்து அக்காவின் தம்பி அழைத்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அப்ப நாளைக்குக் காலையில வேலைக்கு யாரு?" ஐந்து வருடங்களாக எங்கள் முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, நடக்க வைத்தவருக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் அஞ்சலி அதுதான்.

அவர் வந்த புதிதில் யாரும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள். "நாப்பது வருசம் ரப்பர் மரம் சீவியாச்சு. இன்னும் என்னா எக்சசைஸ் லா?" என்பார் லெட்சுமியம்மா. ஒருநாள் காலை அக்கா வாசலில் நின்று, தோட்டத்துக் கிராணியைப் போலக் குரலை உயர்த்தி, "பெரட்டு" என்று கூவினார். ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் கணக்கெழுதும் கிராணி ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. இரண்டு வாரமாகப் படுக்கையில் கிடந்த லெட்சுமியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வந்துட்டேன் கிராணி."

முனுசாமி தாத்தா விடவில்லை. "பொம்பளக் கிராணியா? சம்பளம் ஒழுங்கா வருமா?"

"நடந்து வந்து கேளுங்க," என்றார் அக்கா.

அன்றிலிருந்து இல்லத்தில் இருந்த ஏழு பேரும் தடி ஊன்றி, தினமும் வேலியைச் சுற்றி நடந்தார்கள்.

அக்கா தவறே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. அந்தப் பழைய பயம் அவர்களுக்குள் இன்னும் இருப்பதை அவர் மறந்துவிட்டார். ஒரு மழைநாளில் பெயரை விட்டுவிடுவார்களோ என்று முனுசாமி தாத்தா தடியில்லாமல் ஓடி வந்தார். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

"அவுங்க மவன் போலீசுக்குப் போனா மாட்டுறது நான்தான். இனிமே எல்லாரும் உக்காந்தே இருக்கட்டும்," என்றார் அப்பா. அவருடைய பயமும் எனக்குப் புரிகிறது.

"விழுந்தா தூக்கி விடலாம்ண்ணே. உக்கார வச்சே பழக்கிட்டா அப்புறம் தூக்கவே முடியாது," என்றார் அக்கா.

மறுநாள் அப்பா சொன்னதை மீறிப் பெரட்டு கூப்பிட்டு, வரிசைக்கு முன்னால் நின்று, தன் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு சட்டத்தை மாற்றினார். "இங்க பிந்தி வந்தாலும் பேரு உண்டு. மெதுவா வாங்க." மூன்று மாதம் கழித்து முனுசாமி தாத்தா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். அக்கா அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாளே பெரட்டு நின்றுபோனது. இப்போது அவர்களை நாற்காலியோடு சேர்த்து சாரோங் துணியால் இடுப்பில் கட்டி வைக்கிறார்கள். கழிவறைக்குத் தானே போய்வந்த லெட்சுமியம்மாவுக்கு டயப்பர் போட்டுவிட்டார்கள். "நான் என்னா கொழந்தையா?" என்று என்னிடம் கேட்டார். நேற்று தடிகளையும் நடைவண்டியையும் பழைய சாமான் லோரியில் ஏற்றச் சொன்னார் அப்பா. லோரி வருவதற்குள் அவற்றை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருப்பார். நான் கட்டுகளை அவிழ்த்துப் பெரட்டு கூப்பிடப் போகிறேன். நீங்கள் வந்து வாசலில் நில்லுங்கள். யாராவது தடுமாறினால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா திரும்பி வரும்போது நீங்களும் அங்கே இருந்தால், உங்கள் கண் முன்னால் அவர்களை மறுபடி கட்ட மாட்டார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்: பிந்தி வந்தாலும் பேரு உண்டு. அவரைப் போலக் கூப்பிட வருமா என்று, "பெரட்டு" என இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமியம்மாவின் குரல் கேட்டது. "வந்துட்டேன் கிராணி."

அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. கதவைத் தட்டுகிறார். தடிகளைக் கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை, ஏழு மணி, மறக்காமல்