சிப்பாயின் கண்ணும் என் கையும்

மல்லாட்டை (நிலக்கடலை) தூற்றிய அன்றுதான் எங்கள் நாய் சிப்பாய்க்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. செஞ்சியில் அந்தப் பருவத்தில் களமெங்கும் தூசு. இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முன்னங்காலால் தேய்த்தபடியே வீட்டுக்கு வந்தது.

உங்கள் நாய்க்கும் இப்படி வந்தால் முதலில் தேய்க்க விடாதீர்கள். வெளிச்சத்தில் இமையை விலக்கிப் பாருங்கள். கருவிழி தெளிவாக இருந்து ஓரம் மட்டும் சிவந்திருந்தால் வீட்டிலேயே கழுவலாம். பூ விழுந்திருந்தாலோ (கருவிழி வெளுத்திருந்தாலோ), கண்ணையே திறக்காவிட்டாலோ மாட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். தாய்ப்பால், வெங்காயச் சாறு எதுவும் விட வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர், சிட்டிகை உப்பு, துவைத்த பழைய வேட்டித் துணி போதும்.

சிப்பாயின் கருவிழி தெளிவாகத்தான் இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டு இறக்கினேன். ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கூடத் தெரியவில்லை. துணியை நனைத்துக் கண்மேல் வைத்ததும் சிப்பாய் கத்திக்கொண்டு என் மடியிலிருந்து எகிறி ஓடியது.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர் பாத்திரத்தில் விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"இன்னாடி, தண்ணி இப்டிச் சுடுது?"

"சுடலியே. ஆறிப்போச்சுன்னுதான் வெச்சேன்."

"உன் கைய வெச்சிப் பாரு."

வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போதும் சோற்றுப்பானையைத் துணி பிடிக்காமல் இறக்குவேன். இரும்புக் கை என்று எல்லோரும் கேலி செய்வார்கள், எனக்கும் அதில் பெருமைதான். அன்று அவர் கேலி செய்யவில்லை.

மாலையில் விரல் நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது. வலி இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்தார். எது சூடு என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். முழங்கைக்குக் கீழே இருந்த தேமலையும் பார்த்தார்.

"பெருவியாதிதாம்மா (குஷ்டம், தோலையும் நரம்பையும் பிடிக்கும் நோய்). ஆரம்பம்தான். ஊசி போட்டு மேல போகாம பாக்கலாம். போன உணர்ச்சி திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன்."

"வீட்ட விட்டுப் போவணுங்களா?"

"வேணாம். வாராவாரம் வந்து ஊசி போட்டுக்கங்க."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மனசும் கையைப் போலவே கிடந்தது. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

சிப்பாயின் கண்ணை அதன்பிறகு என் வீட்டுக்காரர்தான் கழுவினார். தண்ணீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைத்தார். சில நாளில் சிவப்பு மறைந்தது. ஆனால் நான் கை நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

நீரடிமுத்து எண்ணெய் ஊசி (ஒரு காட்டு மரத்து விதையின் எண்ணெய்; அப்போது இந்த நோய்க்கு அதுதான் மருந்து) தொடர்ந்தது. தேமல் பரவவில்லை. விரல்கள் மடங்கவில்லை. உணர்ச்சியும் திரும்பவில்லை. இப்போது அடுப்பை, அரிவாள்மணையை, முள்ளை எல்லாம் கண்ணால்தான் தொடுகிறேன். ஒரு வேளைச் சமையலுக்குப் பாதிப்பொழுது போய்விடுகிறது. அவசரப்பட என்னால் முடியாது.

அப்படிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு நாள் தற்செயலாகக் குனிந்தேன். சிப்பாய் என் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, அது நக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.