சாயம் போட்ட பிள்ளைத் துணி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலரை எங்கள் அண்ணன் முதன்முதலாகக் கண்டது, நீங்கள் இடுப்பில் துண்டுத் துணியும் இல்லாமல் கிடந்த நாளில்தான். கோபிக்காதீர்கள், உண்மை அதுதான். எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்தால் மற்றவர்கள் பேபி சோப்பும் பவுடரும் கொண்டு போவார்கள். அண்ணன் மடித்த வெள்ளைத் துணிகளைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். கலியாணம் கட்டாத, கடலில் காய்ந்து கறுத்த மனிதருக்கு இது என்ன வேலை என்று சிரித்தீர்கள். துணி மாமா என்று பெயரும் வைத்தீர்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவராகச் சொல்லும் ஆளும் இல்லை. அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இனியாவது நான் சொல்ல வேண்டும்.

அண்ணன் மன்னார்த் தீவின் வடகரையில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. இடையில் பிறந்தவை தங்கவில்லை. அப்பா கண்மூடியதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வள்ளம் ஏறினார். அம்மாவைக் கடைசிவரை பார்த்தார், எனக்குக் கலியாணம் செய்து வைத்தார். தனக்குப் பேசி வந்த சம்பந்தங்களைத் தங்கச்சியின் காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். அதிகம் பேசமாட்டார், ஆனால் பிடித்த பிடியை விடவும் மாட்டார். தேத்தண்ணியில் சீனி குறைந்தால் மட்டும் முகம் கறுக்கும்.

நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கடலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அதன்பின் சண்டை வலுத்து, கரையில் குடியிருக்க முடியாத நிலை வந்தது. நிறைமாதமாக இருந்த என்னை அண்ணன் பெருநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரியமடுவில் காட்டோரமாகத் தறப்பாள் விரித்து ஒரு கொட்டில் போட்டார். அந்தக் கொட்டிலில்தான் என் மகள் செலின் பிறந்தாள். பிள்ளை பிறந்ததோடு எனக்கு மேல் முழுக்க நெருப்பாய்க் காய்ந்தது. படுத்தபடி பால் கொடுப்பது மட்டும் என் வேலை. மற்றதெல்லாம் அண்ணன் தலையில் விழுந்தது.

வள்ளத்துக்குப் பாய் கட்டத் தெரிந்த மனிதருக்குப் பிள்ளைக்குத் துணி கட்டத் தெரியவில்லை. பெருநாளுக்கென்று வைத்திருந்த தன் வெள்ளை வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார். முதலில் கட்டியது, பிள்ளையைத் தூக்கியதும் கழன்று அவர் காலடியில் விழுந்தது. அடுத்ததை நங்கூரக் கயிறு மாதிரி இறுக்கினார், பிள்ளை வீரிட்டாள். காய்ச்சலோடும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வளவில், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிக் கூலி வேலை செய்த அம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் முக்கோணமாக மடிக்கவும், தொப்புள் காயும்வரை அதற்குக் கீழே கட்டவும், வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே விரல் நுழைய இடம் விடவும் காட்டிக் கொடுத்தார். அண்ணன் இரண்டு நாளில் கைதேர்ந்துவிட்டார். குளத்துக்குப் போய் அலசி, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, வெட்டவெளியில் காயப்போடுவார். பிள்ளைத் துணிக்கு வெயில் பட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

அந்த வெயில்தான் வினையானது. ஒருநாள் ஆமியின் ஹெலி ஒன்று எங்கள் பக்கமாக வந்து தாழ்வாகச் சுற்றியது. அது போனதும் சுற்றுக் கொட்டில்களில் இருந்தவர்கள் கூடி வந்துவிட்டார்கள். காட்டுக்குள் இப்படி வரிசையாக வெள்ளை தொங்கினால் மேலேயிருந்து பார்ப்பவன் முகாம் என்று நினைத்துச் சுடமாட்டானா, எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அண்ணன் துணிகளை எடுத்துத் தறப்பாளின் கீழே போட்டார். மழைக்காலம், ஒன்றும் காயவில்லை. ஈரத் துணியிலேயே பிள்ளை கிடந்தாள்.

இரண்டொரு நாள் யோசித்துத்தான் அண்ணன் அந்த வேலையைச் செய்தார். எங்கள் கரையில் பருத்தி வலையும் பாய்ச்சீலையும் உப்பில் உக்காமல் இருக்க, ஆவரசம் பட்டையை அவித்து அந்தச் சாயத்தில் தோய்ப்பார்கள். அப்பாவோடு நின்று அண்ணன் அதைச் சிறுவயதிலேயே பழகியவர். காட்டில் பட்டைக்குப் பஞ்சமா? பெரிய பானையில் அவித்து, துணி முழுவதையும் போட்டு எடுத்தார். மரத்தோடு மரமாகத் தெரிகிற நிறம். வெட்டவெளியில் கட்டினாலும் கண்ணில் படாது. இனி ஹெலியும் வரட்டும், அதின்ர பேரனும் வரட்டும் என்றார். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். பட்டைச் சாயம் நூலை இறுக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வலைக்கு அது நல்லது என்பதால், பிள்ளைக்கு ஆகாது என்று தோன்றவில்லை.

காய்ந்த துணி அட்டை மாதிரி நின்றது, ஈரத்தை உறிஞ்சவில்லை. இரண்டு நாளில் பிள்ளையின் தொடை இடுக்கு உரிந்து சிவந்துவிட்டது. அண்ணன் துணிகளைக் கல்லில் அடித்தார், கையால் கசக்கினார், குளத்தில் ஊறப்போட்டார். சாயம் போகவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு வந்த அந்தப் பக்கத்து வளவு அம்மா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது புள்ளைக்குக் கட்டுறதா, மூட்டைக்குக் கட்டுறதா?" என்று கேட்டார். கேட்டவர் நிற்காமல் போய், தன் பழைய பச்சைச் சேலையைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தார். அவருக்கே மாற்றுச் சேலை அதுதான்.

சேலைத் துணி போட்டபின் புண் காயத் தொடங்கியது. ஆனால் அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அண்ணன் என்னையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி, சேற்றில் இறங்கித் தள்ளி, முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்குத்தர் பார்த்துவிட்டு மலேரியா என்றார், பிந்திவிட்டது என்றார். அடுத்த நாள் விடிய என் மகள் போய்விட்டாள். அண்ணனே குளிப்பாட்டினார். பச்சைச் சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி, முடிச்சை இளக்கி விட்டார். சேமக்காலையில் குழிக்குள் ஒரு பிடி மண் போட அவரால் முடியவில்லை.

காலம் போய் நாங்கள் தீவுக்குத் திரும்பினோம். அதன்பிறகுதான் அவர் உங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கினார். புதுத் துணி வாங்கமாட்டார். உடுத்து நைந்த பருத்திச் சாரமும் வேட்டியும் தேடி வாங்கி, அவித்து, எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரை நம்பாமல் நல்ல தண்ணீர் எடுத்துவந்து அலசி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் மடிப்பார். கன்னத்தில் உறுத்தினால் அது தரை துடைக்கப் போகும். உங்கள் அம்மாமாரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

பிள்ளை தன்னால் இறந்ததென்று அண்ணன் நினைக்கிறார் என்றே நான் நம்பியிருந்தேன். சந்தர்ப்பம் வந்தபோதெல்லாம், அது மலேரியா என்று சொல்லுவேன். அவர் எழும்பிப் போய்விடுவார். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் சொன்னேன்.

"அண்ணை, துணியால பிள்ளை சாகேல்லை. டாக்குத்தர் அப்பவே சொன்னவர்."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் தங்கச்சி, அது எனக்குத் தெரியும். அவள் இருந்ததே கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளும் நொந்துகொண்டு கிடந்தவள். அது என்ர துணியாலதானே."

அவர் கேட்காத ஒன்றுக்கே இத்தனை காலமும் ஆறுதல் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டு நாளில் அண்ணன் இறைவனடி சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் துணை நின்றவர்களுக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பாதருக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்து நின்ற தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பச்சைச் சேலை தந்த அம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இனிச் சொல்வது எங்கள் சொந்தத்துத் தாய்மாருக்கு. அலுமாரியில் கடைப் பம்பர்ஸ் இருந்தும், அண்ணன் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றி ஒளித்துவிட்டு, அவர் தந்த துணியைக் கட்டிப் பிள்ளையை அவர் கையில் கொடுத்தீர்கள். பிள்ளை அழாமல் கிடக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்க விட்டீர்கள். அதற்கு நன்றி, தாய்மாரே.